அறுந்த இழையும் அறாத வலையும்

நுழையும்முன்

தாராவியிலிருந்து திருநெல்வேலியில் உள்ள ஆச்சியிடம் காணொளியில் பேசுகிறோம். அந்தப் பேச்சு செல்லும் வழியில் எங்கோ ஒரு கம்பி அறுகிறது; வேறெங்கோ ஒரு கருவி மாற்றப்படுகிறது; புதிய இணைப்பு ஒன்று சேர்க்கப்படுகிறது. இருப்பினும் நம் பேச்சு பெரும்பாலும் நிற்பதில்லை. வலையமைப்பு மாறிக்கொண்டிருக்கும்போதே அது எவ்வாறு தடையின்றி இயங்குகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வலை என்னும் பெயர்

கணினிகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் அமைப்பைக் கணினி வலையமைப்பு என்கிறோம். அத்தகைய வலையமைப்புகள் பல சேர்ந்ததே இணையம். இதனைச் சங்கிலி என்றோ கயிறு என்றோ கூறாமல் வலை என்று கூறுவதற்குக் காரணம் உண்டு.

தாராவியில் கோலிவாடா என்று இன்றும் வழங்கும் பகுதி, இந்நகரம் பெருகுவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த கோலி மீனவர்களின் ஊர். விடுமுறையில் தூத்துக்குடிக்கோ கன்னியாகுமரிக்கோ சென்றவர்கள், கடற்கரையில் மீனவர் வலையைப் பழுதுபார்ப்பதைக் கண்டிருக்கலாம். அவ்வலையை உற்று நோக்குங்கள். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு புறமும் இழைகள் செல்கின்றன. ஓர் இழை அறுந்தாலும், ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்குச் சுற்றிச் செல்ல வேறு வழி இருக்கும். சங்கிலி அப்படிப்பட்டதன்று. ஒரு வளையம் விட்டுப்போனால் அது இரண்டு துண்டாகிவிடும்.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பேரன் என்பவர், 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இவ்வுண்மையைத் தகவல் தொடர்புக்குப் பொருத்திக் காட்டினார். அக்காலத் தொலைபேசி அமைப்பில் ஊர்கள் பலவும் ஒரு சில மையங்களையே நம்பியிருந்தன. மையம் அழிந்தால் அதனைச் சார்ந்த ஊர்கள் அனைத்தும் ஊமையாகிவிடும். மீன்வலை போன்று மையமே இல்லாத அமைப்பில், ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று, நான்கு இணைப்புகள் இருந்தாலே பெருஞ்சேதத்தைத் தாங்க முடியும் என்று அவர் கண்டறிந்தார்.

மீன்வலைக்கு இழைகள் இருந்தாலே போதும். கணினி வலையமைப்புக்கு அது போதாது. எந்த இழை அறுந்தது, எந்த வழி எஞ்சியுள்ளது என்பதை ஒவ்வொரு முடிச்சும் அறிந்தாக வேண்டும். அதையும் உடனே அறிந்தாக வேண்டும்.

முடிச்சில் இருப்பது திசைவி

ரூட்டர் என்று நாம் வழங்கும் கருவிக்குத் தமிழில் திசைவி என்று பெயர். தகவலுக்குத் திசை காட்டுவதே அதன் வேலை. பெயரே தொழிலைக் கூறிவிடுகிறது. நாம் அனுப்பும் படமோ பேச்சோ முழுதாகச் செல்வதில்லை. அது சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின்மீதும் சேர வேண்டிய முகவரி எழுதப்பட்டிருக்கும். பொதி ஒரு திசைவியை அடையும்போது, அத்திசைவி முகவரியைப் பார்த்து, 'அடுத்து எந்தப் பக்கம்?' என்பதை மட்டும் தீர்மானித்து அனுப்பிவிடும். முழுப்பயணத்தையும் எந்த ஒரு திசைவியும் கையைப் பிடித்து நடத்திச் செல்வதில்லை.

இதனை நம் நகரத்துத் தொடர்வண்டிகளைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். செம்பூரில் வாழும் ஒருவர் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திற்குச் செல்ல வேண்டும். துறைமுகத் தடத்தில் குர்லா, வடாலா வழியாக நேரே செல்லலாம். குர்லாவில் இறங்கி, மத்தியத் தடத்தில் சயான், மாட்டுங்கா, தாதர் வழியாகவும் செல்லலாம். அவ்வழியும் தாதருக்கு அப்பால் தடைப்பட்டால், தாதரில் மேற்குத் தடத்திற்கு மாறிச் சர்ச்கேட் சென்று, அங்கிருந்து முனையத்தை அடையலாம். மாட்டுங்காவில் இறங்கி, இசட் பாலம் என்று மக்கள் கூறும் நடைமேம்பாலத்தைக் கடந்து மாட்டுங்கா ரோடு நிலையத்தை அடைவோரும் உண்டு. குர்லாவும் தாதரும் இங்கே திசைவிகளைப் போன்றவை. ஒவ்வொரு வழிக்கும் ஆகும் நேரம் வேறு. திசைவிகளும் ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண்ணைக் குறித்து வைத்திருக்கும். அதனை வழிச்செலவு என்பர். செலவு குறைந்த வழியிலேயே பொதிகள் அனுப்பப்படும்.

'நான் இருக்கிறேன்'

ஒரு வழி அடைபட்டதைத் திசைவி எவ்வாறு அறிகிறது? அண்டை வீட்டாரை நாள்தோறும் நலம் விசாரிப்பது போன்ற எளிய முறையால் அறிகிறது. ஓ.எஸ்.பி.எஃப். என்னும் பெயருடைய, பரவலாகப் பயன்படும் முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் பொதுவாக 10 நொடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு திசைவியும் தன் அண்டைத் திசைவிகளுக்கு 'நான் இருக்கிறேன்' என்னும் சிறு செய்தியை அனுப்புகிறது. 40 நொடிகள் வரை ஓர் அண்டையிடமிருந்து ஒரு செய்தியும் வராவிட்டால், அந்த இணைப்பு அறுந்துவிட்டது என்று கொள்ளப்படும். கம்பியில் ஒளி நின்றுவிட்டதை உணரும் கருவிகள் 40 நொடிகள் காத்திருப்பதில்லை. நொடியின் சிறு பகுதிக்குள் அறிந்துவிடும்.

அறிந்த திசைவி அதனைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. 'எனக்கும் அவனுக்கும் இருந்த இணைப்பு இப்போது இல்லை' என்று மற்ற அண்டைகள் அனைவருக்கும் கூறுகிறது. அவை தம் அண்டைகளுக்குக் கூறுகின்றன. ஊருக்குள் ஒரு செய்தி பரவுவதைப் போலவே இதுவும் பரவுகிறது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் இருப்பதால், பழைய செய்தி எது, புதிய செய்தி எது என்பதில் குழப்பம் நேராது. ஊர்ப்பேச்சுக்கு இந்த வசதி இல்லை!

செய்தி வந்தவுடன் ஒவ்வொரு திசைவியும் தன்னிடமுள்ள வலையமைப்பின் வரைபடத்தைத் திருத்தி, குறுகிய வழியை மீண்டும் கணக்கிடுகிறது. அக்கணக்கு முறையைக் கண்டவர் நெதர்லாந்து நாட்டின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இல்லாமல், ஏறத்தாழ இருபது நிமிடங்களில் அதனை மனத்திற்குள் வகுத்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். அது 1959 இல் அச்சில் வெளிவந்தது. இன்று கைப்பேசி வரைபடத்தில் நாம் வழி தேடும்போது நடப்பதும் அதன் வழிவந்த கணக்கே.

எல்லாத் திசைவிகளும் திருத்திய வரைபடத்தைப் பெற்று, ஒரே கருத்துக்கு வரும் நிலையை ஒருமிப்பு எனலாம். ஒருமிப்பு விரைவாக நிகழ வேண்டும். ஆயினும் அளவுக்கு மீறிய விரைவும் தீங்கு தரும். இணைப்பு ஒன்று தளர்ந்துபோய், தெருவிளக்கு மினுக்குவதைப் போல நொடிக்கு நொடி அற்றும் ஒட்டியும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் செய்தி பரப்பி, ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால், திசைவிகளுக்குப் பொதிகளை அனுப்பவே நேரம் இராது. அதனால், மீண்டும் மீண்டும் அறுகின்ற இணைப்பு 'சரியாகிவிட்டேன்' என்று கூறினாலும், சிறிது நேரம் பொறுத்துப் பார்த்த பின்னரே அதனை நம்புமாறு திசைவிகளை அமைக்கின்றனர்.

குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே சுழலும் பயணி

வலையமைப்பு மாறும்போது நேரும் பெருந்தொல்லை கம்பி அறுவது அன்று. சிலர் புதிய செய்தியை அறிந்தும் சிலர் அறியாமலும் இருக்கும் இடைப்பட்ட நேரமே தொல்லை மிக்கது.

மழைக்காலம். சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே தண்டவாளம் நீரில் மூழ்கிவிட்டது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். சயான் நிலையத்தார் இதனை அறிவர். குர்லா நிலையத்தார் இன்னும் அறியார். முனையத்திற்குச் செல்ல வேண்டிய பயணி குர்லாவில் வழி கேட்கிறார். 'சயான் வழியாகப் போங்கள்' என்கின்றனர். சயானுக்குச் சென்றால், 'இங்கே அடைபட்டுவிட்டது. குர்லாவுக்குத் திரும்பித் துறைமுகத் தடத்தில் போங்கள்' என்கின்றனர். குர்லாவுக்குத் திரும்பினால் மீண்டும், 'சயான் வழியாகப் போங்கள்!' இருவரும் நல்லெண்ணத்தோடுதான் கூறுகின்றனர். பயணியோ முனையத்தை அடையவே மாட்டார். மனிதராயின் மூன்றாம் முறை சினந்து கேள்வி கேட்பார். பொதிக்குச் சினமும் இல்லை; நினைவும் இல்லை. அது சுழன்றுகொண்டே இருக்கும். இத்தகைய பொதிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால், நல்ல நிலையிலுள்ள இணைப்பும் நிரம்பி அடைபட்டுவிடும்.

இதற்காக ஒவ்வொரு பொதியிலும் ஒரு வாழ்நாள் எண் எழுதப்படுகிறது. புறப்படும்போது அது பெரும்பாலும் 64 அல்லது 128 ஆக இருக்கும். 255 க்கு மேல் எழுத இடமில்லை. ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் சுழியம் ஆனதும் பொதி அங்கேயே கைவிடப்படும். இழந்த பொதியை அனுப்பியவர் தேவையானால் மீண்டும் அனுப்பிக்கொள்வார். சுழலுக்கு இது மருந்தன்று. ஆனாலும் சுழல் வலையமைப்பை விழுங்கிவிடாமல் காக்கும்.

சுழல் தொல்லை சிறிய வலையமைப்பிலும் உண்டு. ஒரு பள்ளியின் கணினி அறையில் உள்ள சுவிட்ச் கருவியில், ஒரே கம்பியின் இரு முனைகளையும் யாரேனும் விளையாட்டாகச் செருகிவிட்டால், அறை முழுவதும் இணைப்பு முடங்கிப்போகக்கூடும். சுவிட்சுகள் கையாளும் பொதிகளில் வாழ்நாள் எண் இல்லை. அவை ஓயாமல் சுழன்று பெருகும். மிகைவழிகளைக் கண்டறிந்து அவற்றைத் தற்காலிகமாக அடைத்து, முதன்மை வழி அறுந்தவுடன் அவற்றைத் திறந்துவிடும் முறையை 1985 இல் ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி வகுத்தார். தம் முறையை விளக்கும் ஆய்வுக் கட்டுரையில் அவர் சிறு கவிதை ஒன்றையும் சேர்த்திருந்தார் என்பதைத் தமிழாசிரியர் கூறாமல் விடுவதற்கில்லை.

ஒரே இடத்தில் கிடந்த இரு வடங்கள்

நம் நாட்டை வெளிநாடுகளோடு இணைக்கும் வடங்கள் கடலடியில் கிடக்கின்றன. அவற்றின் உள்ளே தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகள் உள்ளன. அவ்விழைகளில் தகவல் ஒளித்துடிப்பாகப் பாய்கிறது. மும்பையும் சென்னையும் இவ்வடங்கள் கரையேறும் முதன்மையான நகரங்கள். மும்பையிலிருந்து பல வடங்கள் அரபிக்கடல், செங்கடல், எகிப்து வழியாக ஐரோப்பா செல்கின்றன. சென்னையிலிருந்து வடங்கள் கிழக்கே சிங்கப்பூரை நோக்கிச் செல்கின்றன. ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–சிங்கப்பூர் வடம் ஒன்று 2002 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது.

2008 ஜனவரி 30 அன்று, எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே மத்தியதரைக் கடலில் ஃபிளாக், சீ-மீ-வீ 4 என்னும் இரு வடங்கள் அறுந்தன. இரண்டும் மும்பையில் கரையேறுபவை. மேற்குலகோடு இந்தியாவுக்கு இருந்த இணைப்புத்திறனில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் போயிற்று என்று அப்போது கணித்தனர். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, துபாய்க்கும் ஓமனுக்கும் இடையே ஃபால்கன் என்னும் மூன்றாம் வடமும் அறுந்தது. கடலடியில் கைவிடப்பட்டுக் கிடந்த, ஐந்தாறு டன் எடையுள்ள நங்கூரம் அதனை அறுத்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கிருந்து பணியாற்றிய அழைப்பு மையங்களும் மென்பொருள் அலுவலகங்களும் திண்டாடின. அங்கே வேலை செய்தவர்களுள் செம்பூர், மாட்டுங்காத் தமிழரும் இருந்திருப்பர்.

எனினும் இணையம் முற்றிலும் நின்றுவிடவில்லை. மேற்கே செல்ல வேண்டிய பொதிகள் கிழக்கே திருப்பப்பட்டன. சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பசிபிக் பெருங்கடல் வழியாக அமெரிக்கா என்று அவை உலகத்தை மறுபுறமாகச் சுற்றிச் சென்றன. வழி நீண்டதால் காலம் தாழ்ந்தது; எல்லாரும் அவ்வழியிலேயே திரண்டதால் நெரிசலும் மிகுந்தது. மும்பைக் கரையில் நேர்ந்த குறையைச் சென்னைக் கரை ஓரளவு தாங்கிக்கொண்டது. பழுதுபார்க்கும் கப்பல்கள் சென்று, அறுந்த முனைகளைக் கடலிலிருந்து மேலே தூக்கி, இழைகளைத் தனித்தனியே ஒட்டி, மீண்டும் கடலில் இறக்கின. இரண்டு வாரத்திற்குள் நிலைமை சீரடைந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஃபிளாக் அறுந்தால் சீ-மீ-வீ 4 உதவும் என்று நம்பியிருந்தவர்களுக்கு ஏமாற்றமே கிடைத்தது. இரண்டு வடங்கள், இரண்டு பெயர்கள். ஆனால் இரண்டும் ஒரே கடற்பகுதியைக் கடந்தன. தாளில் எழுதும்போது இரண்டு வழி. ஆபத்து வரும்போது ஒரே வழி. உண்மையில் உதவியது முற்றிலும் வேறு திசையில் சென்ற வடமே. நகரங்களிலும் இதே நிலைதான். இரு நிறுவனங்களின் கம்பிகள் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்டிருந்தால், சாலை தோண்டும் இயந்திரம் ஒரே வீச்சில் இரண்டையும் அறுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்

இதுவரை கண்டவை எதிர்பாராத மாற்றங்கள். கருவியைப் புதுப்பிப்பது, கம்பியை வேறு இடத்திற்கு நகர்த்துவது போன்றவை நாமே திட்டமிட்டுச் செய்யும் மாற்றங்கள். இவற்றை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதை மும்பை மாணவர்களுக்குக் கூறுவது எளிது. மெகா பிளாக் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே விரைவுத் தடத்தில் பணி நடக்கப்போகிறது என்று முன்னரே அறிவிக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் குறைந்த நாளில், ஃபாஸ்ட் வண்டிகளை மாட்டுங்காவிலேயே ஸ்லோ தடத்திற்கு மாற்றிவிடுகின்றனர். விரைவுத் தடத்தில் வண்டி ஏதும் இல்லை என்று உறுதியான பின்னரே பணியாளர் தண்டவாளத்தில் இறங்குகின்றனர். துறைமுகத் தடத்தில் பிளாக் இருக்கும்போது, அத்தடத்துப் பயணச்சீட்டு வைத்திருப்போர் மத்தியத் தடத்திலும் மேற்குத் தடத்திலும் செல்ல இசைவு அளிப்பதும் உண்டு.

வலையமைப்புப் பொறியாளர் செய்வதும் இதுவே. அவர் கம்பியைத் திடீரென்று பிடுங்குவதில்லை. முதலில் அவ்வழிக்குரிய வழிச்செலவு எண்ணை மிகவும் உயர்த்திவிடுகிறார். 'இவ்வழி இருக்கிறது, ஆனால் மிகத் தொலைவு' என்னும் செய்தி எல்லாத் திசைவிகளுக்கும் பரவுகிறது. பொதிகள் தாமாகவே வேறு வழிக்கு மாறுகின்றன. வழி இன்னும் திறந்திருப்பதால், செய்தியைச் சற்றுத் தாமதமாக அறிந்த திசைவி அவ்வழியில் அனுப்பிய பொதியும் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். போக்குவரத்து வடிந்துவிட்டதைக் கண்டபின் கம்பியைக் கழற்றுகிறார். அந்நேரத்தில் மாற்றுவழி எல்லாச் சுமையையும் தாங்குமா என்பதை முன்னரே கணக்கிட்டிருக்க வேண்டும். பணி முடிந்து மீண்டும் இணைக்கும்போதும் எண்ணைப் படிப்படியாகவே குறைப்பார். ஏதேனும் தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார். பெரும்பாலும் இப்பணி நள்ளிரவில் நடக்கும். நாம் காலையில் எழுந்து கைப்பேசியைப் பார்க்கும்போது ஒன்றும் நடவாதது போலிருப்பதே அவருடைய வெற்றி.

சில மாற்றங்கள் ஓர் இரவில் முடிவன அல்ல. துறைமுகத் தடத்தையே பார்ப்போம். 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்தொடர்வண்டி, விக்டோரியா டெர்மினஸ் என்று அப்போது வழங்கிய முனையத்திலிருந்து குர்லா வரை இத்தடத்தில்தான் ஓடியது. அது 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் இயங்கியது. பிற்காலத்தில் நாடெங்கும் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் வழக்கத்திற்கு வந்தபோது, மும்பையும் மாற வேண்டியதாயிற்று. நாள்தோறும் பல இலட்சம் மக்கள் செல்லும் வண்டிகளை நிறுத்தி வைத்து மாற்ற இயலுமா? அதனால் இருவகை மின்னோட்டத்திலும் ஓடக்கூடிய வண்டிகளை முதலில் கொண்டுவந்தனர். பின்னர்ப் பகுதி பகுதியாகத் தடத்தை மாற்றினர். மேற்குத் தடத்தில் 2012 இலும், துறைமுகத் தடத்தில் 2016 இலும் இப்பணி நிறைவுற்றது.

இணைய முகவரிகளிலும் இத்தகைய மாற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஐ.பி.வி. 4 என்னும் பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகத்தின் கருவிகளுக்கு அவை போதவில்லை. எண்ணி மாளாத முகவரிகளைக் கொண்ட ஐ.பி.வி. 6 என்னும் புதிய முறையை உலகின் பெரிய நிறுவனங்கள் பல 2012 ஜூன் 6 முதல் நிலையாகப் பயன்படுத்தத் தொடங்கின. பழையதை அன்றே நிறுத்திவிடவில்லை. இரு மின்னோட்டத்திலும் ஓடிய வண்டியைப் போல, இருவகை முகவரியையும் அறிந்த கருவிகள் இடைக்காலத்தைக் கடத்துகின்றன. உங்கள் வீட்டுக் கைப்பேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட பழைய முகவரியும் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட புதிய முகவரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கக்கூடும்.

பயிற்சி

1. சங்கிலிக்கும் வலைக்கும் உள்ள வேறுபாட்டை உம் சொந்த நடையில் எழுதுக.
2. குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே பயணி சுழல்வதற்கு யார் தவறு காரணம்? ஆராய்ந்து எழுதுக.
3. 2008 இல் இரு வடங்கள் இருந்தும் அவை ஒன்றுக்கொன்று உதவாமல் போனது ஏன்?
4. உம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் மூன்று வழிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வழிச்செலவு எண் இடுக. அவற்றுள் இரண்டு வழிகள் ஒரே பாலத்தையோ ஒரே தெருவையோ கடக்கின்றனவா?
5. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், கைப்பேசி வருவதற்கு முன் ஊரிலிருந்து மும்பைக்குச் செய்தி எவ்வாறு வந்தது என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.